ஏரியில் துடுப்புப் பிடித்த அக்காவுக்கு

அக்கா,

இன்று மத்தியானம் நான் வீட்டுவேலை செய்கிற சிஞ்ஞோராவின் குசினியில் சலாதுக்குப் போடச் சோளப் பேணி ஒன்றை உடைத்தேன். மூடி திறந்ததும் இனிப்பும் தகரமுமாக அந்த மணம் எழுந்து வந்தது. பேணியை அப்படியே மேசையில் வைத்துவிட்டு யன்னலடியில் போய் நின்றேன். "பழுதாகிவிட்டதா?" என்று சிஞ்ஞோரா கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். சோளம் மீனுக்குப் போடுகிற இரை, அது உங்களுடைய சனிக்கிழமை மணம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? உங்கள் குளிர்ச் சட்டைப் பையைத் தோய்க்கப் போடும்போதெல்லாம் நசிந்த சோளமணிகள் வரும். எத்தனை தரம் புறுபுறுத்திருப்பேன்.

போர் முடிந்து ஒன்றிரண்டு வருடத்தில் நீங்கள் இத்தாலிக்கு வந்து, சீசாப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். வியா மக்வேதாத் தெருவில் கடை துப்புரவாக்கப் போகிற ஒரு தெரிந்த பெண்தான் கூட்டி வந்தாள். "வன்னியிலையிருந்து வந்தவ, தனிய நிக்கிறா, ஒரு அறை குடுப்பியளோ?" என்று கேட்டாள். பின்பக்க அறையைத் தந்தோம். நீங்கள் அதிகம் கதைக்கவில்லை. குளிக்கப் போனால் ஷவரின் கீழ் நிற்க மாட்டீர்கள். வாளியில் தண்ணீர் பிடித்துக் கோப்பையால் அள்ளித்தான் ஊற்றுவீர்கள். ஊர்ப் பழக்கம் என்று நினைத்தேன்.

அந்த ஓகஸ்டில் எங்கள் ஆட்கள் எல்லோருமாக மொண்டெல்லோ கடற்கரைக்குப் போனோம். நீங்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பைகளுக்குக் காவல் இருந்தீர்கள். என் மகள் வந்து உங்கள் கையைப் பிடித்து இழுத்தாள். நீங்கள் முகம் வெளிறி, "விடு பிள்ளை, விடு!" என்று கத்திவிட்டீர்கள். குழந்தை அழுதாள். எனக்குக் கோபம் வந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் மகளைக் கூட்டிக்கொண்டு போய் வேறு இருக்கையில் இருந்தேன்.

பிறகு உங்களுக்கு அந்த வயோதிபரைப் பார்க்கிற வேலை கிடைத்தது. பஸ் சாரதியாக இருந்து ஓய்வு பெற்றவர். வாதம் வந்து இடது பக்கம் சரியாக இயங்காது, நாக்கும் தடித்துவிட்டது. மனைவி இறந்து, மகளின் பொறுப்பில் இருந்தார். நல்ல மனுசன் என்றீர்கள். அடுத்த கிழமை வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என் கட்டிலில் இருந்தீர்கள்.

"அந்தாளுக்கு மலைக்கு மேல பியானா ஏரியில ஒரு வள்ளம் கிடக்காம். சனிக்கிழமையில மீன் பிடிக்கப் போகவேணுமாம். கூட ஒரு ஆள் ஏறி இருந்து துடுப்பு வலிக்கவேணுமாம்."

"ஏலாது எண்டு சொல்லுங்கோவன்."

"சொன்னனான். அப்பிடியெண்டா வேற ஆளைப் பாக்கிறம் எண்டு மகள்காரி சொல்லிப்போட்டாள். வேலை போனா இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோவும் போச்சு. அது போனா என்னைத் திருப்பி அங்கைதான் அனுப்புவாங்கள்."

தண்ணீரில் என்ன பயம் என்று நான் கேட்டேன். நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள்.

முதல் நாள் நடந்ததைப் பிறகு நீங்களே சிரித்துச் சிரித்துச் சொன்னீர்கள். படகில் கால் வைத்ததும் சத்தி எடுத்தது. இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டீர்கள். அந்த மனிதர் ஏசவில்லை. "பியானோ, பியானோ," மெல்ல, மெல்ல என்று சொல்லி, தன் நல்ல கையால் ஒரு துடுப்பை எடுத்து உங்கள் மடியில் வைத்தார். "துடுப்புப் பிடிச்சாக் கண்ணை மூடேலாது, பிள்ளை. அந்தாளுக்குத் தெரிஞ்சுதோ தெரியாமலோ செய்த வேலை அது," என்றீர்கள்.

போகப் போக நீங்கள் மாறிக்கொண்டு வந்ததை நாங்கள் வீட்டில் பார்த்தோம். வெள்ளிக்கிழமை பின்னேரமே மேலே ஏரியில் குளிரா, காற்றா என்று தொலைபேசியில் பார்ப்பீர்கள். கரையிலிருந்து எறிந்தால் கெண்டை வராது, நாணல் முடிகிற இடத்தில் படகை நிறுத்தி, சத்தம் போடாமல் இருக்கவேண்டும் என்று என் மனுசனுக்கு விளக்குவீர்கள். அவருக்கு மீனே பிடிக்காது. ஆனாலும் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருப்பார். முதல் கெண்டையை நீங்கள் கொண்டு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கே ஸ்கீஃபோ! சீ, அருவருப்பு! அன்ரி, இது சேத்து மணம்!" என்று அறைக்குள் ஓடினாள். நீங்கள் உப்பும் மஞ்சளும் போட்டு ஊறவைத்து, பழப்புளி கூட விட்டு, உறைப்பாக ஒரு குழம்பு வைத்தீர்கள். அதே பிள்ளைதான் சட்டியை வழித்துத் தின்றாள். நீங்கள் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு முள்ளாக எடுத்துக் கொடுத்தீர்கள்.

ஒரு வசந்தகாலச் சனிக்கிழமை எனக்கும் வேலை இல்லை. "வா, ஒருக்கா வந்து பார்," என்று கூட்டிப் போனீர்கள். மகள்காரி எங்களைக் காரில் கொண்டுபோய்க் கரையில் இறக்கிவிட்டு, அந்த ஊருக்குள் தன் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். சுற்றிவர மலை. மேட்டில் செம்மறிகளின் மணிச் சத்தம். தண்ணீர் கறுப்புப் பச்சையாக அசையாமல் கிடந்தது. நீங்கள் துடுப்பை எடுத்தீர்கள். முதுகு நிமிர்ந்து, கைகள் நிதானமாகப் போய் வந்தன. கிழவர் முன்னால் இருந்து தூண்டில் மிதவையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடு ஏரியில் துடுப்பை உள்ளே எடுத்து வைத்தீர்கள். நீங்களாகத்தான் சொல்லத் தொடங்கினீர்கள்.

"கடைசி நாளையில நாங்கள் களப்பு கடந்துதான் வந்தனாங்கள். நான், அம்மா, மகன். என்ர மனுசன் அதுக்கு முதலே செல் விழுந்து செத்துப்போனார். தண்ணி எனக்கு நெஞ்சளவு. மகனைத் தோளில வைச்சிருந்தனான். கால் வைக்கிற இடமெல்லாம் சனம் கிடந்தது. பின்னால ஒண்டு விழுந்து வெடிச்சுது. முதுகில அடிச்சமாதிரி இருந்தது, விழுந்திட்டன். எழும்பேக்கை தோளில அவன் இல்லை. ஒரு கையைப் பிடிச்சிருந்தனான். அந்தக் கையை நான் விட்டனானோ, அவன் விட்டவனோ தெரியேல்லை. அம்மாதான் என்னை இழுத்துக்கொண்டு கரைக்குப் போனவ. திரும்பிப் போகவிடேல்லை."

கண்ணீர் விடாமல் சொன்னீர்கள். உங்கள் முதுகில் அந்த வெடியின் இரும்புத் துண்டு ஒன்று இன்னும் கிடப்பதாகவும், எடுத்தால் கால் போய்விடும் என்று முகாமில் டொக்டர் சொன்னதாகவும் சொன்னீர்கள்.

"இந்தத் தண்ணியில எனக்குத் தெரிஞ்ச ஆரும் கிடக்கேல்லை. அதாலதான் இதில இருக்கேலுது," என்றீர்கள்.

அவர் தமிழ் தெரியாமலே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறாள் என்று தடித்த நாக்கால் என்னைக் கேட்டார். மகனைப் பற்றி என்றேன். எத்தனை வயது என்று உங்களிடம் கேட்டார். "ஸேய்," என்றீர்கள், ஆறு. அவர் பேணிக்குள் விரலை விட்டு இரண்டு சோளமணிகளை எடுத்தார். ஒரு கையால் அதைத் தூண்டில் முள்ளில் குத்த அவருக்கு நெடுநேரம் எடுத்தது. குத்தி முடித்து, தூண்டில் தடியை உங்களிடம் நீட்டினார். நீங்கள் வாங்கி வீசினீர்கள்.

அடுத்த இலையுதிர் காலத்தில்தான் அந்தக் காற்று அடித்தது. நான் வேலையில் இருந்தபோது அழைப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வாசலுக்கு உள்ளே, இடுப்பளவு நனைந்த ஒரு மனிதர் நின்றிருந்தார். ஏரிக்கரையில் மீன் பிடிக்கிறவர். நடந்ததை அவர்தான் சொன்னார். பெரிய மீன் ஒன்று இழுத்திருக்கிறது. கிழவர் தன்னை மறந்து எழும்பியிருக்கிறார். அந்த நேரம் மலைப்பக்கத்திலிருந்து காற்று அறைந்ததில் தண்ணீருக்குள் விழுந்துவிட்டார். நீங்கள் பாய்ந்து அவருடைய சட்டைக் கழுத்தைப் பிடித்தீர்கள். அந்தப் பாரத்தை உங்களால் தூக்க முடியவில்லை. படகின் விளிம்பில் வயிற்றைக் கொடுத்துக் குப்புறக் கிடந்து, இரண்டு கைகளாலும் அவர் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறீர்கள். கரையில் நின்றவர்கள் மோட்டார்ப் படகு ஒன்றைத் தேடி எடுத்து வருமட்டும்.

"அவரைத் தூக்கிய பிறகும் அவள் விடவில்லை. விரல்களை நாங்கள் ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தோம்," என்றார் அவர். பிறகு கேட்டார்: "முழுக்க ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தாள். விடமாத்தன், விடமாத்தன் என்று. என்ன அர்த்தம்?"

விடமாட்டேன் என்பதுதான் அது என்று இத்தாலிய மொழியில் சொன்னேன். அவர் ஈரத் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

கிழவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் மகள்காரி உங்களைத் திரும்ப வேலைக்கு எடுக்கவில்லை. காற்றுக் காலத்தில் அப்பாவை ஏன் ஏற்றினாய் என்று கேட்டாள். அன்று காலை கரையில் கொண்டுபோய் இறக்கிவிட்டதே அவள்தான். "போய்க் கதைக்கிறன் அக்கா," என்றேன். "விடு. அவளுக்கும் பயம்தானே. தகப்பனெல்லே," என்றீர்கள்.

படகை விற்றார்கள். அவரை முதியோர் இல்லத்தில் விட்டார்கள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி அங்கே போனீர்கள். யாரும் சொல்லவில்லை, யாரும் கூலி தரவில்லை. அவருக்கு முகம் வழித்து, சூப்பு பருக்கிவிட்டு வருவீர்கள். மற்ற நாட்களில் சியாகுல்லித் தோட்டங்களில் மந்தரின் தோடம்பழம் பிடுங்கப் போனீர்கள். குனிந்து கூடை தூக்கிய ஒரு நாள் வலது கால் மரத்துப்போய், தோட்டத்திலேயே இருந்துவிட்டீர்கள். அதற்கு முன்பே முதுகு நொந்திருக்கிறது. படகின் விளிம்பில் கிடந்த நாளிலிருந்தே என்று கடைசியில்தான் எனக்குச் சொன்னீர்கள்.

டொக்டர்மார் தங்களால் ஏலுமானதைச் செய்தார்கள். காந்த ஸ்கான் எடுக்க முடியாது, உள்ளே இரும்பு இருக்கிறது என்றார்கள். வேறு படம் எடுத்துப் பார்த்ததில் அந்தத் துண்டு நகர்ந்து முள்ளந்தண்டை நெரிப்பது தெரிந்தது. முதுகை வெட்டி அதை எடுத்தார்கள். இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தீர்கள். பிறகு காய்ச்சல் வந்தது; கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. தாதி ஒருத்தி எனக்குக் கட்டிலடியில் கதிரை போட்டுத் தந்தாள். காய்ச்சலுக்குள்ளும் நீங்கள் கதைத்துக்கொண்டே இருந்தீர்கள். "பிள்ளைக்கு முள்ளுப் பாத்துக் குடு," என்றீர்கள். எந்தப் பிள்ளைக்கு என்று நான் கேட்கவில்லை. விடியும்போது மூச்சு நின்றது.

எங்கள் ஆட்கள்தான் கூடி எல்லாம் செய்தோம். ஊருக்கு அனுப்ப வழியில்லை. இங்கேயே மண்ணில் வைத்தோம். மகள்காரி வந்து வாசலோடு நின்று, பூவை என் கையில் தந்துவிட்டுப் போனாள். அப்பாவுக்குச் சொல்லவில்லை என்றாள்.

ஊரில் இருக்கிற உங்கள் அம்மாவுக்கு நான்தான் தொலைபேசி எடுத்தேன். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் உங்கள் பெயரை மட்டும் சொன்னேன். அவருக்கு விளங்கிவிட்டது. நீங்கள் அவருக்கு ஏரியைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. ஆனாலும் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"தண்ணியிலையோ, பிள்ளை?"

"இல்லை அம்மா. ஆஸ்பத்திரியில. கட்டில்ல. நான் பக்கத்தில இருந்தனான்."

"எங்கை வைச்சிருக்கிறியள்?"

"இஞ்சை ஒரு சவக்காலையில, அம்மா. பேர் எழுதின கல்லு வைக்கிறம்."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு சொன்னார்:

"அப்ப எங்கட ஆக்களில ஒரு ஆளுக்கெண்டாலும் கிடக்க இடம் இருக்கு."

அவர் அழவில்லை. நான்தான் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நடு வீட்டில் நின்று அழுதேன். என் மகள் வந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள்.

கல் வைத்ததும் படம் எடுத்து அனுப்பினேன். அயல் வீட்டுப் பெண்ணின் தொலைபேசியில் பார்த்துவிட்டு அம்மா அழைத்தார். கல்லைப் பற்றியோ எழுத்தைப் பற்றியோ கேட்கவில்லை. "மழை பெய்தா அங்கை தண்ணி நிக்குமோ?" என்று கேட்டார். இல்லை, மேட்டு நிலம் என்றேன். அடுத்த மாரியிலும் கேட்டார். சென்ற மாதமும் கேட்டார். ஏற்கெனவே சொன்னேனே என்று நான் சொல்வதில்லை.

இங்கே பெருமழை பெய்கிற நாட்களில், வேலை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் பஸ் ஏறி அங்கே போகிறேன் அக்கா. குடையைப் பிடித்துக்கொண்டு உங்களைச் சுற்றி நடந்து பார்க்கிறேன். மண்ணைக் காலால் அமத்திப் பார்க்கிறேன். பிறகு அம்மாவுக்கு எடுத்துச் சொல்கிறேன், தண்ணீர் நிற்கவில்லை என்று.