காரியாபட்டிக்காரர் கேட்ட கேள்வி

பாட்டியாலா,
18 ஜனவரி 1973

அன்புள்ள அப்பாவுக்குச் சவுந்தரத்தின் வணக்கம். கர்த்தர் கிருபையில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் குறைந்தனவா?

பல்கலைக்கழகப் பெண்களுக்கான சைக்கிள் பந்தயம் நேற்று முடிந்தது. முதல் மூன்று பேரைத்தான் தேசியப் போட்டிக்கு எடுப்பார்கள். இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்த நான், ஒரு திருப்பத்தில் மணலில் சறுக்கி விழுந்துவிட்டேன். முழங்கையில் சிராய்ப்புதான், பயப்பட வேண்டாம்.

விழும்போது "அய்யோ அம்மா" என்று கத்தியிருக்கிறேன். ஓரத்தில் நின்ற பட்டாளத்துக்காரர் ஒருவர் ஓடிவந்தார்.

"தங்கச்சி, எந்த ஊரு?"

"அருப்புக்கோட்டைண்ணே."

"நான் காரியாபட்டி. நம்ம பக்கம் மழ பேஞ்சுச்சா?"

உடனே ஏறி மிதித்திருக்க வேண்டும். இங்கே வந்ததிலிருந்து தமிழே கேட்காத காது அப்பா, கால் நகரவில்லை. கம்மாய் வறண்டது, பருத்தி கருகியது என்று நின்று பேசிக்கொண்டிருந்தேன். அவர்தான் பதறினார்.

"போங்க தங்கச்சி, ரெண்டு புள்ளைக தாண்டிப் போயிருச்சுக."

நான்காவதாக வந்தேன். கோச் கேட்டதற்குச் செயின் கழன்றது என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. இன்று எழுந்திருக்கவே அலுப்பாக இருக்கிறது.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் பருப்புப்பொடி கொடுத்துவிடுங்கள். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், நிறுத்துகிறேன். கடிதமென்றால் நீங்கள் இலக்கணமாக எழுதுகிறீர்கள். இந்தத் தடவை வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதுங்கள் அப்பா.

உங்கள் மகள்,
சவுந்தரம்