பணம் கட்டிவிட்டு வராதவர்கள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். உன் அப்பாவின் தொப்பையும் நலம், வைத்த இடத்திலேயே இருக்கிறது. உன் நலத்தைக் கேட்கலாம்தான், ஆனால் எப்போது கேட்டாலும் 'நல்லா இருக்கேம்மா' என்று சொல்லிக்கொண்டே கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொள்வாய், அதனால் கேட்கவில்லை.

உடற்பயிற்சி வகுப்பு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். மூடிவிடவில்லை, ஆனால் மூடும் அளவுக்குப் போனது, அதற்குப் பாதிக் காரணம் உன் யோசனை, மீதி என் வாய். பள்ளிக்கூடத்தில் விசில் ஊதியே ஓய்வு பெற்றவள், சும்மா இருக்க முடியாமல் பெயிண்ட் கடை மாடியை வாடகைக்குப் பிடித்தது உனக்குத் தெரியும். மாதக் கட்டணம் வாங்கினால் முதல் வாரம் கூட்டம், கடைசி வாரம் நானும் மின்விசிறியும்தான், வாடகை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும். நீதான் போனில் எனக்கே வகுப்பெடுத்தாய், 'வருஷத்துக்கு மொத்தமா வாங்கிடும்மா, பாதிப் பேர் வரவே மாட்டாங்க, வராதவங்கதான் உனக்கு லாபம்' என்று. சொன்னதோடு நிற்காமல் முதல் ஆளாக நீயே வருடக் கட்டணத்தைக் கட்டிவிட்டாய். சும்மா பணம் அனுப்பினால் வாங்கமாட்டேன் என்று தெரிந்து செய்த தந்திரம் அது, எனக்குப் புரியாமல் இல்லை.

விளம்பரத்தை உன் அப்பா தன் தலையில் போட்டுக்கொண்டார். பயிற்சிக்கு முன், பயிற்சிக்குப் பின் என்று இரண்டு படம் போட்டு நோட்டீஸ் அடித்தார். முதல் படம் அவருடையது. இரண்டாவதும் அவருடையதுதான், கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. தெருவே சிரித்தது, சிரித்தவர்கள் பாதிப் பேர் வந்து சேர்ந்தும் கொண்டார்கள். நாற்பது பேர்! அந்தப் பணத்தில் தரை விரிப்பும் சுவர் முழுக்கக் கண்ணாடியும் வாங்கினேன். நீ சொன்னபடியே இருபது பேர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு லாபத்தை அனுபவித்திருக்க வேண்டும்.

எனக்குத்தான் பொறுக்கவில்லையே. காசை வாங்கிவிட்டு ஆளைப் பார்க்காமல் இருந்தால் சாப்பாடு இறங்கவில்லை. மருந்துக்கடைக்கே போய், அத்தனை பேர் முன்னால், உங்க முழங்கால் எப்ப வகுப்புக்கு வரும் என்று கடைக்காரரைக் கேட்டேன். தையல்காரம்மா வீட்டு வாசலில் நின்று விசில் ஊதினேன். என்னைப் பார்த்ததும் வக்கீல் காருக்குள் குனிந்துகொண்டார், நல்லாத்தான் குனியிறீங்க, அதையே மாடிக்கு வந்து குனியுங்க என்றேன். அடுத்த வாரம் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, எல்லோரையும் ஒன்றாகக் குதிக்கச் சொன்னேன். கீழே அலமாரியில் இருந்த டப்பாக்கள் சரிந்து, மூடி தெறித்து, பெயிண்ட் கடைக்காரர் இடுப்பு வரை நீலமாகப் படியேறி வந்தார். 'இந்த மாசத்தோட காலி பண்ணிடுங்க, நீங்க உடம்பைக் குறைக்கிறதுக்குள்ள என் கூரை இறங்கிடும்' என்றார்.

வாங்கிய பணமோ கண்ணாடியாகிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. திருப்பிக் கொடுக்க வழியில்லை. அன்று அதே கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அழுதேன், உன்னிடம் சொல்லவில்லை. உன் அப்பாதான் கீழே இறங்கிப்போய், சிந்திய பெயிண்டைத் துடைத்துக்கொடுத்தபடியே பேசிவிட்டு வந்தார். குதிக்காமல் நடத்துவதென்றால் இருக்கலாம் என்று கடைக்காரர் சொன்னாராம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. காலையில் இரண்டு வகுப்பு, மாலையில் ஒன்று என்று ஆட்களைப் பிரித்தேன், உட்கார்ந்து எழுவது, நீட்டி மடக்குவது, சுவரைத் தள்ளுவது என்று பாடத்தையே மாற்றினேன். நம் ஆட்கள் பழக்கதோஷத்தில் குதித்துவிடக் கூடாதே என்று உன் அப்பா மிச்சப் பெயிண்டில் 'இங்கே யாரும் குதிக்க வேண்டாம்' என்று ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டினார். நோட்டீஸ் செய்யாததை அந்தப் பலகை செய்துவிட்டது. குதிக்கப் பயந்து வீட்டோடு கிடந்த முழங்கால்கள் எல்லாம் அதைப் படித்துவிட்டுப் படியேறி வந்தன. கடைசியில் பெயிண்ட் கடைக்காரரும் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தார், கட்டணத்தை வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லிப் பேரம் வேறு. இப்போது புதிதாகச் சேர்கிறவர்களின் வருடக் கட்டணத்தை உன் அப்பா வங்கியில் போட்டுவிட்டு, மாதம் முடிந்தால்தான் அந்த மாதத்துப் பங்கை என் கையில் தருகிறார். வகுப்பு நடக்கும் முன்பு அது நம் காசு இல்லையாம். உன் வேலையிலும் முன்பணம் வாங்கினால் இப்படியே செய்.

ஆக எல்லோரும் வந்துவிட்டார்கள். பணம் கட்டிவிட்டு வராதவன் ஒருவன்தான் பாக்கி. நான் காலை வகுப்பு எடுக்கும்போது உனக்கு அங்கே சாயங்காலம், போன் வீடியோவில் வகுப்புக்கு வந்துவிடு, சாக்குச் சொல்லாதே. சோபாவில் படுத்துக்கொண்டு முகத்தை மட்டும் காட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டேன். போனைச் சுவரில் சாய்த்துவைத்து, தலை முதல் கால் வரை தெரிகிற மாதிரி தள்ளி நில். மூன்று வருடமாக உன் முகத்தை மட்டும்தானடா பார்க்கிறேன், முழுதாக நீ எப்படி நிற்பாய் என்பதே மறந்துபோகிறது.

நோய்நொடி இல்லாமல், கழுத்து நிமிர்ந்து, நீ நன்றாக இருக்க வேண்டும். திங்கட்கிழமை முதல் வரிசையில் உனக்கு இடம் விட்டிருக்கிறேன். நீ வராததில் எனக்கு ஒரு லாபமும் இல்லை.

இப்படிக்கு,
விசிலோடு காத்திருக்கும்
உன் அம்மா