பெருவிரல் நகத்துக் கறுப்புக் கோடு

செந்தூல்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள பிரியா அப்பாவுக்கு,

புனிதா எழுதுவது. நலமா என்று கேட்கப் போவதில்லை. நீங்கள் நலமாக இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், டாக்டர் கௌசல்யாவுக்கும் தெரியும். இங்கே நான் பிரிக்ஃபீல்ட்ஸ் தையல் கடைக்குப் போகிறேன், பிரியா பள்ளிக்கூடம் போகிறாள். வயிற்றுக்குச் சாப்பிடுகிறோம், அவ்வளவுதான்.

கைபேசியை அணைத்துவிட்டுக் கடல் தாண்டிச் சபா மாநிலத்தில் போய் உட்கார்ந்துகொண்டால் கண்டுபிடிக்க மாட்டேன் என்று நினைத்தீர்களா? உங்கள் சிநேகிதர் ரெங்கசாமி அண்ணனுக்குப் பொய் வராது. முதலில் மென்று விழுங்கினார். நான் அழுததும், "இங்கதான் இருக்கான் தங்கச்சி, நல்லா சாப்பிடுறான், தோட்டத்துல உறுமி மேளம் எல்லாம் வாசிச்சுக் காட்டுறான் லா" என்று கொட்டிவிட்டார். கட்டுப் போட்ட விரலோடு உறுமியா? நல்லா இருக்கு போங்கள்! தோட்ட ஆபீஸ் விலாசம் கொடுத்ததும் அவர்தான். அவரைத் திட்ட வேண்டாம், திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள்.

வருகிற வியாழக்கிழமை உங்களுக்கு ஆபரேஷன். அந்தத் தேதி கடக்கட்டும், தைப்பூசத்தன்று நேரே பத்துமலைக்கு வந்து மேளக்குழுவோடு வாசித்துவிடலாம், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்பதுதானே உங்கள் கணக்கு? இத்தனை வருஷம் உங்களோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு இதுகூடவா தெரியாது?

உங்கள் பெருவிரல் நகத்தில் விழுந்த அந்தக் கறுப்புக் கோட்டை நாம் எல்லோருமே தப்பாகத்தான் பார்த்தோம். உறுமிக் குச்சியை அழுத்தித் தேய்க்கிற விரல், நகம் கன்றிப் போகத்தான் செய்யும் என்று உங்கள் குழுவே சொன்னது. தலைவர் திருச்செல்வம் அண்ணன் தம் நகத்தைக் காட்டி, "இது உறுமி குத்துன முத்திரை, இது இல்லாதவன் மேளக்காரனே இல்ல" என்று பெருமை பேசினார். நீங்களும் சட்டைப் பொத்தானைப் போடும்போதெல்லாம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பூரித்துப்போனீர்கள். நானும் சிரித்தேன்.

தீபாவளிக்கு முதல் நாள் பிரியா மருதாணி அரைத்தாளே, நினைவிருக்கிறதா? படம் எடுக்கும்போது கறுப்பு தெரியக் கூடாது என்று உங்கள் இரண்டு பெருவிரலுக்கும் அப்பிவிட்டாள். ஆம்பிளைக்கு எதுக்கு மருதாணி என்று கத்திக்கொண்டே கையை நீட்டினீர்கள். பெண் கேட்டால் நீங்கள் எதைத்தான் மறுத்தீர்கள்?

பிறகு டிசம்பரில் ஒரு நாள் உங்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தபோது பார்த்தேன். மருதாணிச் சிவப்பு, நகத்தின் பாதிக்கு மேல் ஏறியிருந்தது, அடியில் புது நகம் வெளுப்பாக வளர்ந்திருந்தது. கறுப்பு மட்டும் ஏறவே இல்லை. வேரிலிருந்து நுனிவரை அப்படியே நின்றது. நகத்தை ஒட்டிய தோலிலும் மை ஊறியதுபோல் படர்ந்திருந்தது. குச்சி பட்டுக் கன்றியதாக இருந்தால் மருதாணியைப் போல அதுவும் நகத்தோடு மேலே போயிருக்க வேண்டாமா? திருச்செல்வம் அண்ணனின் முத்திரை எப்போதோ வளர்ந்து, வெட்டி எறிந்தாயிற்று.

உங்களை இழுத்துப் போய்க் காட்டியபோது டாக்டரும் அதையேதான் சொன்னார். "நகத்துல தெரியுதே தவிர, இது நகத்து வியாதி இல்லம்மா, அடியில இருக்கிற தோலோட வியாதி" என்றார். நகத்தைத் தூக்கித் துளி சதை எடுத்துப் பார்த்து, தோலுக்கு நிறம் கொடுக்கிற உயிரணுக்களில் வருகிற புற்று என்று முடிவு வந்தபோது, நீங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவர் பேசிய பாதி உங்கள் காதில் ஏறியிருக்காது. அதனால் மறுபடியும் எழுதுகிறேன், நிறுத்தி வாசியுங்கள். வேறெங்கும் பரவியதாக இப்போதைக்குத் தெரியவில்லை. இப்போது எடுத்தால் பெருவிரலின் முதல் கணுவோடு போய்விடும் என்று நம்புகிறார். விட்டால் அக்குளுக்கு ஏறும், அங்கிருந்து நுரையீரலுக்கும் போகலாம். கணுவா, நீங்களா என்று கேட்டால் நான் யோசிக்க மாட்டேன்.

இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் என் கண் நகத்துக்குத்தான் போகிறது. கீழ்மாடி மாரியாயி அக்காவின் நகங்கள் வெளுத்து, கரண்டிபோல் நடுவில் குழிந்திருக்கின்றன. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து அப்படி ஆகிவிட்டது என்றார். விடாமல் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். உடம்பில் ரத்தமே இல்லையாம், மருந்து கொடுத்திருக்கிறார்கள், எதனால் குறைந்தது என்றும் தேடுகிறார்கள். அந்த அக்கா ஊசிக்குப் பயந்தவர், அப்படிப்பட்டவரே வந்தார். நீங்கள் ஓடிவிட்டீர்கள்.

நேர்த்திக்கடன் என்பீர்கள். பிரியா டிங்கிக் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று தைப்பூசம் வாசிப்பதாக முருகனுக்குச் சொன்னீர்கள், இது மூன்றாவது. அதனால் போன செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போய் நேராகவே பேசிவிட்டேன். "பிள்ளைய குடுத்தது நீ, அதுக்காக அவ அப்பன எடுத்துக்காத. இந்த வருஷம் நான் பால்குடம் எடுக்குறேன், மேளம் பாக்கி இருக்கட்டும்" என்றேன். பூசாரி திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும். திருச்செல்வம் அண்ணனிடமும் இந்தத் தைப்பூசத்துக்கு உங்கள் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். "அவன் இல்லாம எப்படி புனிதா?" என்றார். அவன் இல்லாமலே போய்விட்டால் எப்படி அண்ணே என்று கேட்டேன். அந்தப் பெரிய உடம்பு தொப்பென்று உட்கார்ந்துவிட்டது.

விரல் போனால் உறுமி போய்விடும், உறுமி போனால் நான் யார் என்று முடிவு வந்த அன்றிரவு முணுமுணுத்தீர்கள். தூங்கிவிட்டேன் என்று நினைத்தீர்கள், நான் விழித்துத்தான் இருந்தேன். அதனால் ஒரு காரியம் செய்தேன், சிரிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை என் பெருவிரல் நுனியைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு எல்லா வேலையும் செய்தேன். சமைத்தேன், ரவிக்கைக்குக் கொக்கி வைத்தேன், பிரியாவுக்குத் தலை பின்னினேன். ஊறுகாய்ப் போத்தலைத்தான் திறக்க முடியவில்லை. பிறகு உங்கள் உறுமியை மடியில் வைத்துக் குச்சியைத் தேய்த்தேன். மாடு பிரசவத்தில் கத்துவதுபோல் ஒரு சத்தம்! எதிர்வீட்டு ஆன்டி ஓடிவந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். வாசிக்கத் தெரியாத எனக்கே சத்தம் வருகிறதே, உங்களுக்கு வராதா? திருச்செல்வம் அண்ணனும் குச்சியின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால் இரண்டு விரலும் உள்ளங்கையுமே போதும் என்கிறார். ஒன்றைச் செய்து வீட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். பழையபடி வருமா என்பதற்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஏதோ ஒன்று வரும்.

பிரியாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தான் மருதாணி வைத்து மறைத்ததால்தான் வியாதி தெரியாமல் போயிற்று என்று அந்தப் பெண் குமைந்து அழுகிறாள். இல்லடி, அந்த மருதாணிதான் காட்டிக் கொடுத்தது என்று நான் எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. அம்மா சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்கிறாள். அப்பா சொன்னால்தான் நம்புவாள். அதைத் தொலைபேசியில் சொல்ல முடியாது, அவள் தலையில் கை வைத்துச் சொல்ல வேண்டும்.

வருகிற செவ்வாய்க்கிழமை விமானத்துக்கு உங்களுக்குச் சீட்டு எடுத்து, இதோடு வைத்துக் கூரியரில் அனுப்புகிறேன். விமான நிலையத்துக்கு ரெங்கசாமி அண்ணன் கொண்டுவந்து விடுவார், பேசிவிட்டேன். நீங்கள் வந்து இறங்காவிட்டால் மறுநாள் காலை விமானத்தில் நானே வருவேன். தோட்டத்து ஆட்கள் பார்க்க உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்து வருவேன். எனக்கு வெட்கம் கிடையாது, பயம் மட்டும்தான் இருக்கிறது.

கட்டுப் போட்ட விரலை விடுங்கள். மற்றக் கையின் பெருவிரலைப் பாருங்கள். சிவப்பு நுனியில் கீற்றாகத்தான் மிச்சம் இருக்கும். அன்று பிரியா எனக்கும் வைத்தாள், எனக்கும் அவ்வளவுதான் மிச்சம். நகம் வளர்ந்து இடிக்கிறது, தைக்கும்போது நூல் சிக்குகிறது, ஆனாலும் வெட்டாமல் வைத்திருக்கிறேன். நீங்களும் வெட்ட வேண்டாம். செவ்வாய்க்கிழமை இருவரும் சேர்ந்து வெட்டிக்கொள்வோம். அடுத்த தீபாவளிக்கு உங்களுக்கு ஒரு பெருவிரல் நகம்தான் இருக்கும். அதற்கு நானே மருதாணி வைத்துவிடுகிறேன். முருகன் துணை. வந்துவிடுங்கள்.

உங்கள்
புனிதா