ஹைட்ரஜன் கொட்டகையின் விளக்குமாறு

15.9.97, திங்கள்

இந்தோனேசியக் காட்டுத்தீயின் புகைமூட்டம். எதிர்வீடு தெரியவில்லை. பெரியவளுக்கு இருமல் மருந்து வாங்க வேண்டும்.

மனைவி லெட்சுமியின் தம்பி குமரனுக்கு எங்கள் எண்ணெய் ஃபேக்டரியில் முதல் நாள். நான்தான் எஞ்சினியரிடம் கெஞ்சிச் சேர்த்துவிட்டேன். ஹைட்ரஜன் கொட்டகையில் என்னோடு வேலை. பாமாயிலைக் கெட்டியாக்கியது போக மிச்ச ஹைட்ரஜனை இத்தனை நாள் காற்றில் விட்டோம். இனி டீசலுக்குப் பதில் பாய்லரில் அதுதான்.

விளக்குமாற்றைக் கையில் கொடுத்தேன். குமரனுக்குச் சிரிப்பு.

"என்னா மச்சான், கூட்டுற வேலையா?"

"டேய், ஹைட்ரஜன் கசிஞ்சு பத்திக்கிட்டா அந்தத் தீ பகல்ல கண்ணுக்குத் தெரியாது. புகையும் வராது. வெளக்கமாத்த முன்னால நீட்டிக்கிட்டு நட. அது பத்திக்கிச்சுன்னா நின்னுடு."

வாசல் ஆணியில் மாட்டியிருக்கும். எடுக்காமல் உள்ளே போகக்கூடாது. மூன்று தடவை திருப்பிச் சொல்லவைத்தேன்.

17.9, புதன்

கண் எரிச்சல். பிள்ளைகள் முகமூடியோடு பள்ளிக்கு.

வெள்ளிக்கிழமை பாய்லர் திறப்புக்குக் கோலாலம்பூரிலிருந்து பெரிய ஆட்கள். பெயிண்ட், பூந்தொட்டி, ஒரே அமளி. எஞ்சினியர் பேச்சு ஒத்திகை: "இத எரிச்சா புகையே இல்ல, வெறும் தண்ணிதான்லா!" இந்த ஹைட்ரஜனைத் தயாரிக்க எவ்வளவு இயற்கை கேஸ் போகிறது என்று மட்டும் சொல்லவில்லை. இருந்தாலும் எனக்குப் பெருமைதான். இந்தப் புகையில் புகையில்லாத நெருப்பு என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

19.9, வெள்ளி

எழுதியே ஆகவேண்டும்.

காலையில் வாசலில் மாலை, சந்தனம். வருகிறவர்கள் முகத்தில் விளக்குமாறா என்று எனக்குத்தான் உறுத்தியது. யாரும் சொல்லவில்லை. நானே கழற்றி ஸ்டோரில் வைத்துப் பூட்டினேன். அவர்கள் போனதும் மாட்டிவிடலாம் என்று.

பாய்லர் பக்கம் பேச்சு நடக்கும்போது குழாயில் அழுத்தம் இறங்கியது, எங்கோ கசிவு. கொட்டகைக்குள் இருக்கும் வால்வை மூடக் குமரன் ஓடினான். வாசலில் நின்று ஆணியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"போடா, சீக்கிரம்!" என்று கத்தினேன். நான்தான்.

தீ எங்கேயும் தெரியவில்லை. அவன் சட்டை மட்டும் எரிந்தது.

20.9, சனி

ஆஸ்பத்திரி. இரண்டு கை, பாதி முகம். கண் தேறுமா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

லெட்சுமி: "நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

ஆமாம் என்றேன்.

ஃபேக்டரியில் விசாரணை. யார் தவறோ அவனுக்கு வேலை போகும். எனக்கு மூன்று பிள்ளைகள். சீ, என்ன எழுதுகிறேன். முருகா, அவன் கண்ணை மட்டும் காப்பாற்று.

22.9, திங்கள்

நான்தான் கழற்றினேன் என்று சொல்லிவிட முடிவு செய்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலடி ஓசையிலேயே குமரன் கண்டுபிடித்துவிட்டான். கட்டுக்குள்ளிருந்து மெல்ல:

"மச்சான், எஞ்சினியர் காலையிலயே வந்தாரு. வெளக்கமாறு ஆணியிலதான் இருந்துச்சு, நான்தான் எடுக்கலன்னு சொல்லிட்டேன். எனக்கு இனிமே எப்படியும் அங்க வேல இல்ல. ஒங்க பிள்ளைங்க படிக்கணும்லா. நீங்க ஒண்ணும் பேசாதீங்க."

அழுதேன். முடியாதுடா, உண்மையச் சொல்லிடுவேன் என்றேன்.

மத்தியானம் எஞ்சினியர் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் விசாரணை ஃபாரம்.

"குமரன் சொன்னது சரிதானே?"

"சரிதான் சார்" என்றேன்.