கிருஷாந்தி பேரில் ஏழு கிலோ

3 மார்ச் 2025
என்ன கொப்பி, சுகமா? நாலு நாளாக உன்னைத் தொடவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, மெதுவாகத்தான் வரும். டயகமவில் ஒரே பனி. சிறுத்தை நடமாட்டம் என்று தோட்டத்து லயத்து வீடுகளின் நாய்களை எல்லாம் உள்ளே கட்டிவிட்டோம். எங்கள் நாய் அதற்கும் குறட்டை விடுகிறது.

மூக்கன் மகள் கிருஷாந்தி பகல் சாப்பாட்டுக்குப் போனவள் அந்தி நிறுவைக்கு வரவில்லை. வயிற்றுவலியாக இருக்கும் என்று கூடப் பறிக்கும் ராக்காயி தன் தேயிலைக் கொழுந்திலிருந்து ஏழு கிலோ அவள் பேரில் நிறுத்துப் போட்டாள். கிலோ குறைந்தால் அரைப்பேர், பாதிநாள் சம்பளம்தான் விழும்; முடியாதவளுக்கு இன்னொருத்தி போடுவது எங்கள் மலையில் வழக்கம். கங்காணி நான், கண்டும் காணாமல் முழுப்பேர் போட்டேன்.

4 மார்ச்
கிருஷாந்தி வீட்டுக்கே வரவில்லை. மூக்கனோடு பொலிஸுக்குப் போனேன். பொலிஸ் சார் நான் பேர் போட்ட செக்ரோலைப் பார்த்தார். அந்திக்கு நிறுத்திருக்கிறாளே, நாலு மணி வரை மலையில்தான் இருந்திருக்கிறாள் என்று சிங்களத்தில் சொன்னார். வாய் திறக்கவில்லை நான். திறந்தால் வேலை போகும்.

5 மார்ச்
வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் புரோக்கர் ஒருவன்மேல் மூக்கனுக்குச் சந்தேகம். போகமாட்டேன், பாஸ்போர்ட்டைக் கொடு என்று பிள்ளை கேட்டதிலிருந்து மிரட்டினானாம். ஆனால் நாலு மணிக்கு அவன் ஹட்டன் கடையில் இருந்ததற்குச் சாட்சி உண்டாம். விட்டுவிட்டார்கள்.

நான் பேர் போட்ட ஏழு கிலோதானே அவனைக் காப்பாற்றுகிறது?

ராக்காயி வந்தாள். “நீங்க சொல்லலைன்னா நான் போய்ச் சொல்றேன், செல்லசாமி அண்ணே. அது என் கை பறிச்ச கொழுந்து.”

6 மார்ச்
சொல்லிவிட்டேன். சார் பேனாவைக் கீழே வைத்தார். “ரெண்டு நாள் போச்சே, ஐயா.” ரோட்டுக் கேமராவில் பகல் நேரத்தைப் பார்த்தார்கள். பன்னிரண்டே முக்காலுக்கு எங்கள் ரோட்டில் அந்தப் புரோக்கர் வேன்.

சிறுத்தைக்குப் பயந்து நாயைக் கட்டினோமே.

8 மார்ச்
கிடைத்துவிட்டாள். உடப்புசல்லாவைப் பக்கம், பூட்டிய வீட்டில். உயிரோடு.

10 மார்ச்
கங்காணி வேலை போனது.

2 ஏப்ரல்
இப்போது மழைத்தண்ணீர் ஓடும் கான் வெட்டுகிறேன். பகல் மணிக்குக் காத்துக்கொண்டு கானுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். கிருஷாந்தி இன்றுதான் மலைக்கு வந்தாள். ராக்காயி பக்கத்திலேயே நின்று பறிக்கிறாள். இந்தக் கானில் ஒருமுறை எங்கள் அப்பா உடும்பு பிடித்த கதை இருக்கிறதே, அது—

பொறு. மேலே ரோட்டில் நின்று அவள்தான் கூப்பிடுகிறாள். “கங்காணி மாமா, சாப்பாட்டுக்குப் போறேன். லயம் வரைக்கும் கூட வாங்க.” நான் இப்போது கங்காணி இல்லை என்று இந்தப் பிள்ளைக்கு யாராவது