அம்மாவிலிருந்து கடல் வரை

நேற்றுக் கண்ணாடிக் கடையில் அந்தப் பெண் என் கண்முன் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவோ, முந்தினது தெளிவோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவைக்குப் பிறகு என்னால் இருக்க முடியவில்லை. பிறகு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். நீ கண்ணை மூடி ஒரு மாதமாகிறது, மச்சான். எங்கேயும் நிலைகொள்ளாமல் அலைகிறேன்.

யாழ்ப்பாணத்தில் நாம் ஒரே ஸ்டூடியோவில் வேலை பார்த்த காலம். பழைய மூக்குக்கண்ணாடி வில்லைகள் இரண்டைப் பலகைப் பெட்டியில் அருகருகே பொருத்தி நீ ஒரு கமெரா செய்தாய். ஒரே தடவையில் இரண்டு படம் விழும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எல்லாம் ஆழத்தோடு எழுந்து நிற்கும். வில்லைகளுக்கு முன்னால் சொருகப் பால்மா ரின் தகரத்தில் ஓட்டை போட்டு இரண்டு பட்டிகள் வெட்டினாய். பெரிய ஓட்டைப் பட்டி என்றால் அரை நொடி போதும். ஆனால் கிட்ட இருப்பது மட்டும்தான் தெளியும். சின்ன ஓட்டைப் பட்டியில் கிட்டவும் தூரவும் தெளியும். ஆறு நொடி அசையாமல் இருக்கவேண்டும்.

தொண்ணூறில் கோட்டைப் பக்கம் சண்டை முற்றியது. குருநகர் வீட்டை விட்டு மறுநாள் கொடிகாமம் போக ஆயத்தமானீர்கள். ஜேர்மனியிலிருந்த உன் தம்பிக்கு அந்த வீட்டைப் படமாக்கி அனுப்பவேண்டும் என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். ஒரு தடவைக்குத்தான் பிலிம் மிச்சம். உன் அம்மாவை நடுக்கூடத்தில் இருத்தி, பின்கதவைத் திறந்துவிட்டாய். கதவுக்கு அப்பால் முற்றம், காயும் வலை, கடல்.

"முகத்தை மட்டும் எடுப்பம்" என்றேன்.

"முகத்தை ஸ்டூடியோவிலையும் எடுக்கலாமடா. அவனுக்கு அம்மாவிலையிருந்து கடல் வரைக்கும் எல்லாம் வேணும்."

சின்ன ஓட்டைப் பட்டியைச் சொருகினாய். அப்போதுதான் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் வருகிறது என்று பார்க்க முன் தெரு ஒழுங்கைக்கு ஓடினாய்.

"கெதியா எடு மோனை, எனக்கு நெஞ்சு படபடக்குது" என்றார் அம்மா. அவரால் அசையாமல் இருக்க முடியவில்லை. எனக்கும் ஓடிவிடலாம் போலிருந்தது. பட்டியை உருவிப் பெரிய ஓட்டைப் பட்டியைப் போட்டேன். வில்லை மூடியை அரை நொடி திறந்து மூடினேன். நீ வருவதற்குள் பழைய பட்டியைத் திரும்பச் சொருகிவிட்டேன். அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"எடுத்திட்டியோ?"

"ஓம்."

"ஆறும் எண்ணினியோ?"

"ஓமடா."

படத்தில் அம்மாவின் நரைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. பின்னால் எல்லாம் பனிமூட்டம்போல் வெறும் புகார். கொழும்புக்குப் போன ஒருவர் கையில் கொடுத்து அனுப்பினாய். மாதங்கள் கழித்துத் தம்பி எழுதினான்: "அம்மாவைக் கை நீட்டித் தொடலாம் போல இருக்கு. பின்னாலை இருக்கிறது எங்கடை வீடுதானோ?" அதற்குள் குண்டு விழுந்து வீடு இல்லாமல் போயிருந்தது.

கொடிகாமத்தில் உன்னைப் பார்க்க வந்தபோதெல்லாம் நீ அந்தக் கமெராவைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினாய். "வில்லை ஒரு நூல் முன்னுக்கு நிக்குது போல. என்ரை பிழைதான்" என்றாய். வில்லையைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்த மட்டை வெட்டித் தரச் சொன்னாய். வெட்டித் தந்தேன், மச்சான்.

அடுத்த வருடம் அம்மா காலமானார். மிஞ்சியது அந்த முகம்தான். ஆறு நொடி எண்ணியிருந்தால் அதுவும் கலைந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவருக்காக மாற்றினேனா, என் உயிர்ப் பயத்தில் மாற்றினேனா? நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாகப் பேசியபோதும் கேட்டாய்: "அந்தப் படத்திலை நான் எங்கை பிழை விட்டனெண்டு உனக்கேதும் விளங்குதோ?" சத்தம் விட்டு விட்டுக் கேட்கிறது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். நன்றாகத்தான் கேட்டது.

இன்று காலை உன் மகளை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "மாமா, அப்பா இருக்கேக்கை ஏன் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு பேசுகிறேன் என்று போனை வைத்தேன். அப்போதிருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன்.