மிதவையைக் கழற்றிய புத்திசாலி

தம்பி பிலிப்பு, சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து இந்தச் சீட்டைப் படி, அக்கா ஒரு கதை சொல்கிறேன்.

ஒரு லாரிக்காரன் மலை ஏறினான். மேட்டில் டேங்குக்குள் டீசல் பின்பக்கமாய் ஒதுங்கவும், அளவு காட்டும் முள் இறங்கியது. "இன்னாடா இது, முள்ளு பொய் சொல்லுது!" என்றவன், டேங்குக்குள் மிதந்து முள்ளை அசைக்கும் மிதவையையே கழற்றிவிட்டு, ஓட்டையில் பழந்துணியை அடைத்தான். மகா மூளை! அடுத்த மேட்டில் துணி பிதுங்கி, வெள்ளிமலைப் பாதையெல்லாம் டீசல். மரவள்ளி லோடோடு வளைவில் நின்றான்.

இன்று அதே வண்டியில் பெண்டாட்டி தெரசாவையும் பிள்ளைகளையும் ஏற்றப்போகிறானாம்!

மிதவை கருவாட்டுக் குழம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. வண்டிச் சாவி என் சுருக்குப்பையில். மிதவையை மாட்டிவிட்டுக் கோயிலுக்கு வந்து சாவியை வாங்கிக்கொள்.

மறந்தேனே: மிதவையின் திருகாணி ஐந்தும் அதோடு இருக்கிறது. ஐந்தாவது உன் சட்டைப்பையில்தான் கிடந்தது, துவைக்கும்போது எடுத்தேன்.

உன் வீட்டார் ஏறுகிற மேடெல்லாம் சுகமாய் இறங்கட்டும், என் ராசா.